டைட்டில் இடைவேளைக்குப் பிறகு வந்த படம்

வாரத்துக்கு ஒரு சினிமா பார்க்காவிட்டால் எனக்கு உடம்புக்கு ஆகாது. பைண்டிங் பட்டறையில் எனக்குப் பெயரே 'வெள்ளிக்கிழமை'தான். நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை மதியமானால் பசைக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவேன். முதலாளிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், ஒருவரும் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் வேலையைத்தான் விட்டிருப்பேன். மற்றபடி வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. அச்சான தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அது ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். ஒரு பாரம் முன்பின் மாறினாலும் எனக்குப் பேய் பிடித்துவிடும். மாற்றி அடுக்கிய ஆளை அன்று முழுக்கத் திட்டித் தீர்ப்பேன்.

உலகத்திலேயே சிறந்த படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன், அந்தக் குத்துச்சண்டைக்காரன் படம் என்று. கேட்காவிட்டாலும் சொல்லுவேன். என் இருபத்திரண்டாவது வயதில், அக்கா வீட்டுக்காரர் ஆபரேட்டராக இருந்த தியேட்டரில் அதைப் பதினொரு தடவை பார்த்தேன். அத்தான் மேலே கேபினில் நின்று படம் ஓட்டுவார். நான் கீழே, கடைசிக்கு மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் இருப்பேன். அந்த நாற்காலியின் கைப்பிடியில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது கிழித்த சட்டைகள் எத்தனை என்று அக்காவைக் கேட்டால் தெரியும், அவள்தான் தைத்துத் தருவாள்.

அந்தப் படம் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? டைட்டில் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. விளக்கு அணைந்ததும் எடுத்த எடுப்பிலேயே சண்டை. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, வெளியே மழை. யாரென்றே தெரியாத ஒருவன் அடி வாங்கிக்கொண்டிருப்பான். வயதானவன், வேகம் போனவன். நாலாவது சுற்றில் வலது கை உடையும். அவன் தம்பி ஓடிவந்து கைக்கட்டை அவிழ்க்கும்போது அவன் "போதும்டா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான். பிறகு இருவரும் ஊருக்குத் திரும்புவார்கள். இடைவேளை. அதற்கப்புறம்தான் டைட்டில் வரும்! டைட்டில் முடிந்ததும் கதை பின்னால் போய்விடும். விடிகாலை, வீட்டு முற்றம். அதே ஆள் சிரித்துக்கொண்டு கயிறு தாண்டுவான். அண்ணனும் தம்பியும் பழைய கார் ஒன்றில் அந்தச் சண்டைக்குக் கிளம்புவார்கள். வழியெல்லாம் பெட்ரோல் பங்க், பஞ்சர், வரைபடத்தை வைத்துக்கொண்டு வாய்ச்சண்டை. கடைசியில் ஒரு மேட்டில் கார் ஏறும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே வலது முஷ்டியை நீட்டிக் காற்றைக் குத்திக்கொண்டே போவான். படம் முடிந்துவிடும். அந்தக் கை உடையப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

"டைட்டிலை இடைவேளைக்கு அப்புறம் போடற தைரியம் எவனுக்குய்யா வரும்?" என்று முப்பத்தாறு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டு வந்திருக்கிறேன். பட்டறையில் ஒரு கட்டிங் மாஸ்டர் அந்தப் படத்தை வேறு ஊரில் பார்த்தானாம். "சரியான அறுவைங்க அது, மூணே நாள்ல தூக்கிட்டாங்க" என்றான். இரண்டு வருடம் அவனோடு டீ குடிக்கவில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். எடுத்ததும் அழுதாள்.

"உங்க அத்தானுக்குக் கண்ணுல நடுப்பக்கம் போகுதாம்டா. இடது கண்ணுல போயே போச்சு. வலது கண்ணும் ஆறு மாசத்துல அப்படித்தான் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓரம் மட்டும் தெரியுமாம், நேரா பாத்தா ஒண்ணும் தெரியாதாம்."

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அத்தான் என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். பேச்சைக் கஞ்சத்தனமாகச் செலவழிப்பவர். பதினான்கு வருடம் அந்த தியேட்டரில் எனக்குக் கதவு திறந்துவிட்டார். ஆனால் ஒருநாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்ததில்லை, வேலை அப்படி. தியேட்டரை இடித்து மூன்று மாடிக் கடை கட்டிய பிறகும் வந்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம், "சமையல்காரன் ஓட்டலுக்குப் போவானா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். இப்போது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அவரை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நல்ல படம் பார்த்துவிட வேண்டும். ஒன்றே ஒன்று, அதுவும் உருப்படியானதாக.

நினைத்த மாதிரியே வந்தது பாருங்கள். பழைய படங்களைத் தூசி தட்டிப் போடுகிற சின்ன தியேட்டர் ஒன்று இருக்கிறது, அதன் வாசலில் போஸ்டர். அதே படம், புதுப்பித்த பிரதி, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இரண்டே காட்சி. நான் நடுத்தெருவில் நின்று கை தட்டிவிட்டேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சமையலறை மேசையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, விரலாலேயே தடவித் தடவித் திருகாணி தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்த விரல் நின்றுவிட்டது.

"அந்தப் படமா?" என்றார். "வேற ஏதாவது பாக்கலாமே மாப்ளே."

"வேற எதையும் நீங்க பாக்க வேணாம். இதப் பாருங்க போதும்."

"எனக்கு இடுப்பு வலி. ரெண்டு மணி நேரம் உக்கார முடியாது."

அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "நேத்து ரேடியோவப் பிரிச்சுட்டு நாலு மணி நேரம் உக்காந்திருந்தாரே, அப்ப இடுப்பு எங்க போயிருந்துச்சாம்?"

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ரேடியோவை ஓரமாக நகர்த்திவிட்டு, "சரி, வரேன். சொல்ல வேண்டியதும் ஒண்ணு இருக்கு" என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளை நான் காதிலேயே வாங்கவில்லை. சனிக்கிழமைக்கு எந்தச் சட்டை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தியேட்டரில் மொத்தம் பதினேழு பேர். அத்தானைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய், கடைசிக்கு மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்காரவைத்தேன். நாற்காலியில் ஆணி இல்லாதது ஒன்றுதான் குறை. விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

டைட்டில் வந்தது.

"அத்தான்! டைட்டில முதல்லயே போட்டுட்டாங்க!" என்றேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

முற்றம் வந்தது. கயிறு தாண்டினான், கார் கிளம்பியது. நான் காத்திருந்தேன். பெட்ரோல் போட்டார்கள். அவித்த முட்டையை உரித்தார்கள், ஒருவன் இரண்டு தின்றான், இன்னொருவன் மூன்று தின்றான். பஞ்சர் ஒட்டினார்கள், அதுவும் ஒட்டுகிறவன் பசை காயும்வரை ஊதுகிறான், நாமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குத்து விழவில்லை ஐயா! ஜவ்வு என்றால் ஜவ்வு, அப்படி ஒரு இழுவை. யார் இவன், எதற்குப் போகிறான், போனால் எனக்கென்ன? அழகு அழகு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காட்சிகள் எல்லாம் உப்புச் சப்பில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முஷ்டியை வெளியே நீட்டினான். பக்கத்தில் யாரோ பாப்கார்ன் மென்றார்கள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

திரும்பி அத்தானைப் பார்த்தேன். அவர் திரையை நேராகப் பார்க்கவேயில்லை. முகத்தை அரைவாசி என் பக்கம் திருப்பிவைத்து, எனக்கும் திரைக்கும் நடுவில் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தார். பாவம், சலித்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கிற கொஞ்சம் பார்வையில் இவருக்கு நான் காட்டியது இந்தக் கண்ராவியைத்தானா?

இடைவேளை விட்டதும் எழுந்த வேகத்தில் வாசலுக்குப் போனேன். அங்கே மேனேஜர், முப்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டவள், டிக்கெட் மெஷினில் தாள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இங்க படம் ஓட்டறது? மாத்திப் போட்டிருக்கீங்க! பின்பாதி முதல்ல வரணும், முன்பாதி அப்புறம் வரணும்!"

"சார், இது கம்ப்யூட்டர்ல ஒரே ஃபைலா இருக்கு. நாங்க நெனச்சாலும் மாத்திப் போட முடியாது."

"அப்ப உங்களுக்குக் குடுத்தவன் மாத்திக் குடுத்திருக்கான்!"

"டைரக்டரே கூட இருந்து சரிபார்த்த பிரதி சார் இது."

"டைரக்டருக்கு என்னம்மா தெரியும்? வயசாயிருக்கும், மறந்துபோயிருப்பாரு! நான் இந்தப் படத்தப் பதினோரு தடவ பாத்தவன்!"

அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அது இன்னும் ஆத்திரமாக வந்தது. அடுத்து என்ன கத்தியிருப்பேனோ, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அத்தான் சுவரைத் தடவிக்கொண்டே வந்திருந்தார்.

"விடு மாப்ளே. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, டைரக்டர் மேலயும் தப்பில்ல. தப்பு என்னுது."

பால்கனிக்குப் போகிற படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் கைக்குட்டையால் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கேபினிலும் அப்படித்தான் துடைப்பார், எண்ணெய்க் கையோடு ஃபிலிமைத் தொடமாட்டார்.

"படம் ரெண்டு பெட்டியில வரும்" என்றார். "ஒண்ணுல முன்பாதி, ஒண்ணுல பின்பாதி. அன்னிக்கு முதல் காட்சிக்குப் பெட்டி வந்து சேரவே லேட்டு. கீழ ஒரே விசில். பெட்டி மேல ஒண்ணுன்னு போட்டிருந்தத எடுத்து மாட்டிட்டேன். அதுக்கு முன்னாடி ஓட்டின ஊர்ல ஃபிலிம் சுருளயெல்லாம் பெட்டி மாத்தி வெச்சிருக்காங்க. டைட்டில் வராம சண்ட வந்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா நிறுத்த முடியல. எனக்கு முன்னாடி இருந்த ஆபரேட்டர் படத்தப் பாதியில நிறுத்தினதுக்குத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. சரி, போறது போகட்டும்னு விட்டுட்டேன். 'முற்றும்'னு வர்ற நேரத்துல லென்சுக்கு முன்னாடி உள்ளங்கைய வெச்சு மறைச்சேன். உடனே விளக்கப் போட்டு இடைவேளன்னு விட்டுட்டேன். கடைசியில 'இடைவேளை'ன்னு வர்றப்பவும் கையால மறைச்சேன். விளக்கப் போட்டா, சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த காட்சிய சரியாத்தான் போட்டேன் மாப்ளே. பாதியிலயே பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தன் நாற்காலியக் கிழிச்சுட்டான். மறுநாள் பழையபடி மாத்தியே போட்டேன். ஏழு வாரம் ஓடிச்சு. வேற எங்கயும் அது மூணு நாள் தாண்டல."

எனக்குச் சுருக்கென்றது. கட்டிங் மாஸ்டரின் முகம் கண்முன் வந்துபோனது. டைட்டில், தைரியம் என்று நான் அளந்துவிட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கோபம் தலைக்கேறியது.

"பாரத்த மாத்தித் தெச்சுட்டு முப்பத்தாறு வருஷமா என்னப் படிக்க விட்டிருக்கீங்க! நானும் அத ஊரு பூரா வாசிச்சுக் காட்டியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? என்ன முட்டாளாக்கிட்டீங்களே அத்தான்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்தொரு வயது மனிதர் என் முன்னால் தலை குனிந்ததும் எனக்குக் கோபம் பாதியாகிவிட்டது. ஆனாலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன், அவருக்கு அது தெரியுமோ தெரியாதோ.

"எத்தனையோ தடவ சொல்ல வாய் வந்துச்சு" என்றார். "அந்தப் படத்தப் பத்திப் பேசறப்ப உன் குரலே மாறிப்போகும். எப்படிச் சொல்லுவேன்? கேபின்ல ஒரு சின்ன ஜன்னல் உண்டுல்ல, அது வழியா நான் படத்தப் பாத்ததே இல்ல. படம் எனக்கு எதுக்கு? கீழ உன்னப் பாப்பேன். பின்மண்டதான் தெரியும். அவன் கைய வெளிய நீட்டறப்ப உன் தல முன்னாடி சாயும், பதினோரு தடவையும் சாஞ்சுது. உன் மூஞ்சி அப்ப எப்படி இருக்கும்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. அதுக்குத்தான் வந்தேன். வலது கண்ணுலயும் நடுவுல மங்கிடுச்சு, நேரா பாத்தா எனக்கு ஒண்ணும் பிடிபடாது. தலையத் திருப்பி வெச்சா ஓரத்துல நீ தெரியற. முழுசா இல்ல, வாயத் திறந்தா தெரியும்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "ஆறு கொட்டாவி விட்ட."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே மணி அடித்தார்கள்.

"வாங்க போலாம், வீட்டுக்கு" என்றேன்.

"வீட்டுக்கா? நல்ல ஆளுய்யா நீ" என்றார் அத்தான், கைப்பிடியைப் பற்றி எழுந்துகொண்டே. "பின்பாதி இப்பதான ஆரம்பிக்குது. அடுத்த காட்சியில முன்பாதி வருது. நடுவுல எந்திரிச்சுப் போகாம உக்காந்திருந்தா நம்ம படம்தான?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். வருஷம் ஐம்பத்திரண்டு படம் பார்க்கிறவன் நான், இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஓடிப் போய் மூன்று மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன். மேனேஜர் பெண் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சார், அதே படம்தான்."

"தெரியும்மா."

"இப்பதான திட்டினீங்க?"

"அது வேற படம்மா" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மழை கேட்டது. தகரக் கூரை, சண்டை. முன்பாதியில் முட்டை தின்றவனை மறந்துவிட வேண்டும், இவனை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது சுற்றில் கை உடைந்தது. "போதும்டா" என்றான். 'முற்றும்' என்ற எழுத்து வந்தபோது நானே கண்ணை மூடிக்கொண்டேன். மற்ற பதினைந்து பேரும் கால்களை நீட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு வெளியே போனார்கள். "சரியான கழுத்தறுப்பு" என்று ஒருவர் சொன்னது கேட்டது. நான் சண்டைக்குப் போகவில்லை. நாங்கள் இருவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண்மணி வந்து எங்கள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டிவிட்டுப் போனாள். அக்கா பையில் போட்டுக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றோம். பழைய தியேட்டரின் கதவு எந்த நிறம் என்று ஒரு தர்க்கம் வந்தது. நான் பச்சை என்றேன், அவர் நீலம் என்றார், அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். கேபின் ஜன்னலிலிருந்து திரை வரைக்கும் நீண்ட வெளிச்சத்தில் தூசி பறந்தது எங்கள் இருவருக்குமே ஞாபகம் இருந்தது.

மூன்று மணிக்கு விளக்கு அணைந்தது. டைட்டில் வந்தது, இடைவேளைக்குப் பிறகு, வர வேண்டிய இடத்தில்.

முற்றத்தில் கயிறு தாண்டினான். அந்தக் கையைப் பார்த்தேன். முட்டை உரித்தான். அந்தக் கையால்தான் உரிக்கிறான் என்று மத்தியானம் ஏன் எனக்குத் தெரியாமல் போயிற்று? பஞ்சர் ஒட்டுகிறவன் பசை காய ஊதினான். ஊதட்டும், நிதானமாகவே ஊதட்டும், இவர்கள் இந்த இடத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றிருந்தது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தார்கள். வழி தவறிப்போய்விடக் கூடாதா என்று பதினொரு தடவையும் வேண்டிக்கொண்டேன், பன்னிரண்டாவது தடவையும் வேண்டிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அத்தான் என் பக்கம் முகத்தைத் திருப்பிவைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

கார் மேட்டில் ஏறியது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. என் தலை தானாகவே முன்னால் சாய்ந்தது. கண்ணீர் மூக்கின் ஓரமாக வழிந்து வாய்க்கு வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"நீட்டிட்டானா?" என்றார் அத்தான் மெதுவாக.

"நீட்டிட்டான் அத்தான்."

"தெரியுது" என்றார். "வாயத் திறந்துட்ட."

முஷ்டி காற்றைக் குத்திக்கொண்டே போனது. கார் சிறிதாகிக்கொண்டே வந்தது. அடுத்து 'இடைவேளை' என்ற எழுத்து வர வேண்டும். அது வருவதற்குள் அத்தான் கையை நீட்டி, என் நெற்றியைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையை என் கண்கள் மேல் வைத்தார். சூடான கை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அவ்வளவுதான் மாப்ளே" என்றார். "படம் முடிஞ்சுது."